மாரடைப்பும் அளவுகோலும்

நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. படித்தது இயந்திரவியல், பார்ப்பது தரக் கட்டுப்பாட்டு வேலை. ஆகவே என் தொழிலுக்கு அடுத்த வீடு போன்ற ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். மாரடைப்போடு வருபவரை ஒரு ஆஸ்பத்திரி எவ்வளவு நன்றாகக் கவனித்தது என்று அளப்பது எப்படி?

மெட்ராலஜி லேபில் 'கோ, நோ-கோ' கேஜை வைத்து நாம் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லி விடுவோம். ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கேஜ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று பார்த்து, அதை ஊரறிய வெளியிட வேண்டும் என்றார். தன் சொந்த ஆஸ்பத்திரியிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 பேர் விஷயத்தில் 123 பிழைகள் என்று தானே அச்சிட்டார்! சக டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? ஒதுக்கி வைத்தார்கள். 1940-இல் காலமான அவருடைய கல்லறைக்கு 2014-இல்தான் பெயர்க்கல் வைத்தார்கள்.

1966-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அவேடிஸ் டோனபீடியன், தரத்தை மூன்றாகப் பிரித்தார்: அமைப்பு, செய்முறை, விளைவு. நம்ம பாஷையில் மெஷின், ப்ராசஸ், ப்ராடக்ட்!

1986-இல் அமெரிக்க அரசு, முதியோர் காப்பீட்டு நோயாளிகளின் மரணக் கணக்கை ஆஸ்பத்திரிவாரியாக வெளியிட ஆரம்பித்தது. "எங்களிடம் வருவதெல்லாம் முற்றிய கேஸ்" என்று ஆஸ்பத்திரிகள் கொதித்தன. அதிலும் நியாயம் இருக்கு. வந்த இரும்பு எப்படிப்பட்டது என்று பார்க்காமல் வார்ப்படத்தைக் குறை சொல்ல முடியுமா? 1993-இல் அந்த வெளியீடு நின்றது.

அடுத்து செய்முறையை அளந்தார்கள். 17,187 நோயாளிகளை வைத்து நடந்த ஐசிஸ்-2 ஆய்வு, சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையே ஐந்து வாரத்தில் இதய, இரத்தக்குழாய் மரணங்களைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்று 1988-இல் காட்டியது. பிறகென்ன, கேள்வி சுலபம்: தகுதியானவருக்குக் கொடுத்தீர்களா, இல்லையா? தொண்ணூறுகளில் நான்கு மாநிலங்களில் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, பீட்டா பிளாக்கர் மாத்திரை தேவைப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக் கூட வீடு திரும்பும்போது அது எழுதித் தரப்படவில்லை. அளக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. அமெரிக்கக் காப்பீட்டுத் திட்டங்களை மதிப்பிடும் அமைப்பு, பெரும்பாலோருக்கும் மாத்திரை கிடைத்து விட்டதால் 2007-இல் அந்த அளவுகோலுக்கே ஓய்வு கொடுத்தது.

பிறகு கடிகாரம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டதிலிருந்து பலூன் சிகிச்சையில் அடைப்பு திறக்கும் வரை 90 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். 2006-இல் இதற்கென்றே ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 2013-இல் வெளியான ஒரு ஆய்வுப்படி, 2005-06-இல் 83 நிமிடமாக இருந்த இடைநிலை நேரம் 2008-09-இல் 67 ஆகக் குறைந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் மரணம்? 4.8 சதவீதம் 4.7 ஆனது. அவ்வளவுதான்!

அப்படியானால் அளந்தது வீணா? இல்லை. இந்த முடிவுக்கு மருத்துவர்கள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இது: அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில். இதயத் தசையின் கடிகாரமோ நெஞ்சு வலித்த நிமிடமே ஓட ஆரம்பித்து விடுகிறது. தொழிற்சாலையில் எவ்வளவு வேகம் காட்டினாலும், சரக்கு கேட்டுக்கு வெளியே கிடந்த நேரம் நம் சார்ட்டில் வராது இல்லையா?

அந்த வெளி நேரத்தை எந்த ஆஸ்பத்திரியும் தனியாகக் குறைக்க முடியாது. அது நம்ம கையில். நம் சீனியர்களில் பலர் ஓய்வு பெற்று விட்டார்கள். நம் பேட்சுக்கும் தொப்பை வந்து விட்டது. நெஞ்சு வலித்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், நண்பர்களே. அடுத்த சந்திப்பிலும் எல்லோரும் இருக்க வேண்டும்.