உப்பும் ரப்பரும்



உப்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் கரைந்துவிடுகிறது. ரப்பர்த் துண்டைப் பல நாள் ஊற வைத்தாலும் கரைவதில்லை. இரண்டும் அணுக்களால் ஆனவையே. பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை காண அறிஞர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1807இல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, உருக்கிய எரிசோடாவில் மின்சாரத்தைச் செலுத்திச் சோடியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். மின்சாரம் பிரிக்கிறதென்றால், சேர்த்து வைத்திருப்பதும் மின்சக்தியே என்று சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் கருதினார். எந்தச் சேர்மத்திலும் நேர்மின் பகுதியும் எதிர்மின் பகுதியும் ஒன்றையொன்று ஈர்த்து நிற்கின்றன என்பது அவர் கொள்கை. உப்புக்கு அது பொருந்தியது. மின்னேற்றத்துடன் நகரும் துகள்களுக்கு 1834இல் ‘அயனி’ என்று பெயர் சூட்டினார் மைக்கேல் பாரடே. ‘செல்வது’ என்பது அதன் பொருள்.

அதே பாரடேதான் 1826இல் ரப்பரை ஆராய்ந்து, ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தை அறிவித்தவர். சிங்கப்பூருக்கு 1877இல் ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய செய்தி இது!

கார்பனும் ஹைட்ரஜனும் அலோகங்கள். இங்கேதான் சிக்கல். ஹைட்ரஜன் வாயுவையே பாருங்கள். அதில் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் இணைந்துள்ளன. அவற்றுள் எது நேர், எது எதிர்? ஒத்த அணுக்கள் இணையா என்பது பெர்சீலியசின் முடிவு. அவருடைய சொல்லுக்கு அக்காலத்தில் பெருமதிப்பு இருந்தது. ஆகவே, அவை இரட்டையாக உள்ளன என்று 1811இல் அவகாட்ரோ கூறிய உண்மை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1897இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரே வழி பிறந்தது. 1916இல் இருவர் விளக்கம் தந்தனர். ஜெர்மனியின் கோசல், உலோகம் எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, அலோகம் வாங்குகிறது என்றார். சோடியத்தின் வெளிக்கூட்டில் இருப்பது ஒன்று, குளோரினில் ஏழு. ஒன்று கைமாறினால் எட்டு நிறைகிறது. இதுவே அயனிப் பிணைப்பு. அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ், அலோக அணுக்கள் ஒரு சோடி எலெக்ட்ரான்களைப் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்கின்றன என்றார். இதுவே சகப் பிணைப்பு. முன்னது கொடுக்கல் வாங்கல். பின்னது கூட்டுக் குடித்தனம்.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. உப்பின் அயனிகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்துவிடுகிறது. ரப்பரின் நீண்ட சங்கிலியில் அப்படி இழுத்துச் செல்ல அயனிகள் இல்லை.

பெர்சீலியஸ் கண்டது பொய்யன்று, பாதி உண்மை. பாதியை முழுமை என்று ஏற்றதால் ஐம்பது ஆண்டுகள் வீணாயின. மாணவர்களே, பெரியவர்களை மதியுங்கள். ஆயினும் ‘எது நேர், எது எதிர்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.