மக்கிய மரத்தின் பச்சை

போன ஐப்பசி மழையில் எங்கள் கொல்லை மாமரம் ஒன்று சாய்ந்துவிட்டது. ஆளை வைத்து அறுத்துப் பலகையாக்கி, தாழ்வாரத்தில் அடுக்கி வைத்தோம். கார்த்திகையிலும் மழை விட்டபாடில்லை. தை பிறந்ததும் ஆசாரி வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். மேலே கிடந்த பலகையைப் புரட்டிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். வெளுத்த பலகை முழுவதும் கருநீலம் திட்டுத் திட்டாகப் பரவிக் கிடந்தது, பேனாக்காரன் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டதைப் போல.

"நீலம் பாஞ்சிருச்சு தம்பி. இதுல பெஞ்சு செஞ்சு போட்டா பாக்கிறவங்க என் பேரைத்தான் கெடுப்பாங்க. வெந்நீர் அடுப்புக்கு ஆகும்."

ஈரப் பலகையில் பூசணம் ஏறினால் தச்சன் அதைத் தள்ளிவிடுவான். எந்த ஊர்த் தச்சனும் அப்படித்தான் செய்வான் என்று நான் எண்ணியிருந்தேன். அன்று மாலை பொழுது போகாமல் பூசணத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன், சற்றும் எதிர்பாராமல் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே, பிரபுக்களுக்கும் போப்பாண்டவருக்கும் வேலை செய்த முதல்தரமான மரக் கலைஞர்கள், மக்கிய மரத்தைத் தேடி வாங்கியிருக்கிறார்கள்! ஒரே ஒரு நிறத்துக்காக.

அவர்கள் செய்த வேலைக்கு இன்டார்சியா என்று பெயர். மைசூரில் கருமரத்தில் வெள்ளைத் துண்டுகளை இழைத்துப் பெட்டி செய்வார்களே, அதற்கு உறவுமுறையான கலை. ஆனால் இவர்கள் இழைத்தது பூவும் கொடியும் மட்டும் இல்லை. தெருக்கள், மாடங்கள், பாதி திறந்த அலமாரி, அதற்குள் சாய்ந்து நிற்கும் புத்தகம் எல்லாவற்றையும் மெல்லிய மரத்துண்டுகளைக் கொண்டே 'எழுதினார்கள்'. ஓவியனுக்கு நிறம் வேண்டுமானால் கிண்ணத்தில் குழைத்துக் கொள்ளலாம். இவர்களோ காட்டில் விளைந்ததைத்தான் நம்பவேண்டும். மரம் பழுப்பு தரும், மஞ்சள் தரும், சிவப்புங்கூடத் தரும். கறுப்புக்குக் கருங்காலி உண்டு. நிழலுக்குத் துண்டின் ஓரத்தைச் சுட்டுக் கருக்குவார்கள். கந்தகத் தைலம், பாஷாணம் இவற்றைத் தடவியவர்களும் உண்டு. ஆனால் பச்சை? உயிரோடு நிற்கும்போது தலை நிறையப் பச்சையைச் சுமக்கிற மரம், உள்ளே ஒரு துளிகூடப் பச்சை வைத்துக்கொள்வதில்லை. ('பச்சை மரம்' என்று நாம் சொல்வது ஈரம் காயாத மரத்தை, அதன் உள்நிறமும் வெளுப்புத்தான்.)

அந்தக் கலையின் சிகரங்களில் ஒன்று கூபியோ என்ற சிறு நகரத்தின் அரண்மனையில் இருந்த ஓர் அறை. ஊர்பினோவின் பிரபு ஃபெடரிகோ த மான்டெஃபெல்ட்ரோ தான் உட்கார்ந்து படிப்பதற்கென்று செய்துகொண்டது. குதிரைமேலேறி ஈட்டியால் மோதும் வீரப்போட்டியில் வலது கண்ணை இழந்தவர். அவருடைய படங்கள் பெரும்பாலும் இடது பக்கத்தையே காட்டும். கூலிக்குப் படை நடத்திச் சம்பாதித்த பணத்தைப் புத்தகங்களில் கொட்டியவர். அறை ஒன்றும் பெரிதில்லை. சுமார் 17 அடிக்கு 12½ அடி. 1478 முதல் 1482 வரை வேலை நடந்தது. ஃபிரான்செஸ்கோ தி ஜியார்ஜியோ என்பவர் அமைப்பை வகுத்தார். ஃபிளாரென்ஸ் நகரத்து ஜூலியானோ, பெனெடெட்டோ என்ற மையானோ சகோதரர்களின் பட்டறை செய்து கொடுத்தது. சுவரைச் சுற்றிலும் பெஞ்சுகள், பின்னல் கதவு போட்ட அலமாரிகள், உள்ளே வீணை போன்ற ஒரு வாத்தியம், வானசாஸ்திரக் கருவி, கூண்டில் கிளி. தொட்டுப் பார்த்தால் எல்லாம் தட்டையான பலகை! அதன் வண்ணப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. பிரபுவுக்கு அங்கே உட்கார்ந்து படிக்க அதிக நாள் கொடுத்து வைக்கவில்லை. 1482-லேயே இறந்துவிட்டார்.

பெனெடெட்டோவைப் பற்றி வசாரி ஒரு கதை சொல்கிறார். கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை 1550-இல் எழுதி வெளியிட்ட அதே வசாரிதான். கதை என்றால் கொஞ்சம் உப்பு புளி சேர்ப்பவர். ஹங்கேரி அரசர் மத்தியாஸுக்காகப் பெனெடெட்டோ இரண்டு பெட்டிகளை மரச்சித்திரம் இழைத்துச் செய்து, கப்பலில் தானே கொண்டுபோனாராம். சபையில் அரசர் முன்னிலையில் உறையைப் பிரித்தார்கள். கடல் ஈரத்தில் பசை இளகிப்போய், இழைத்த துண்டுகள் ஏறக்குறைய எல்லாமே பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன. எப்படியோ ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார், அரசருக்கும் திருப்திதான். ஆனால் அவமானம் மனிதரை விடவில்லை. மரத்தின்மேல் வெறுப்பு வந்து, சலவைக்கல்லுக்குப் போய்விட்டார். இன்று உலகம் அவரைச் சிற்பி என்றே அறியும்.

வசாரிக்கு இந்தக் கலையின்மேலேயே நல்ல அபிப்பிராயம் கிடையாது. வரையத் தெரிந்தவர்களைவிடப் பொறுமை உள்ளவர்களே இதற்கு வந்தார்கள் என்றும், புகையில் கறுத்துப் புழு அரித்துச் சீக்கிரம் கெட்டுவிடும் வேலை என்றும் எழுதிவிட்டார். ஆனாலும் ஒருவருக்குப் பெருமை தருகிறார்: வெரோனா நகரத்து ஃபிரா ஜியோவன்னி என்ற சந்நியாசிக்கு. மரத்தைச் சாயங்களில் கொதிக்க வைத்தும் எண்ணெய்களை ஊற வைத்தும் நிறமேற்றும் வித்தையை வளர்த்தவர் அவர் என்பது வசாரியின் தீர்ப்பு. தாமிரக் களிம்பைக் காடியில் கரைத்துப் பச்சையேற்றும் முறைகளும் அந்தக் காலத்தில் வழங்கின. ஆகவே மரச்சித்திரத்தில் எங்கே பச்சை தெரிந்தாலும் அது சாயப்பானையிலிருந்து வந்தது என்று பின்னால் வந்தவர்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? அச்சில் வந்துவிட்டதே!

கூபியோ அறை கைமாறிக் கைமாறி, 1939-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு அதைப் பிரித்துச் செப்பனிட்டபோது பச்சைத் துண்டுகள் கண்ணில் பட்டன. அங்கே பணியிலிருந்த வில்மெரிங், பவ்மைஸ்டர் என்ற இரு பாதுகாப்பு நிபுணர்களும், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மர நோய்களை ஆராயும் பிளான்செட் என்பவரும் சேர்ந்து, அத்தகைய துண்டுகளை நுண்நோக்காடியில் வைத்துப் பார்த்தார்கள். 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டின் அந்தப் பச்சை சாயப்பானையிலிருந்து வந்ததே இல்லை. காட்டில் விழுந்து கிடந்த கட்டைக்குள் ஒரு காளான் ஊட்டிய பச்சை அது. கொதிக்க வைத்து ஏற்றிய நிறங்கள் பல இடங்களில் மங்கிப் பழுப்பாகிவிட்டன. காளானின் பச்சையோ ஐந்நூறு வருஷமாக நிற்கிறது.

காளானின் பெயர் குளோரோசிபோரியா. ஓக், பீச், ஹேசல் போன்ற மரங்களின் பட்டை உரிந்த விறகுகளில் வளரும். வெளியே பூப்பது சின்னஞ்சிறு கிண்ணங்களாக. சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. அவற்றைக் காண்பது அருமை. ஆனால் உள்ளே நூல் நூலாகப் புகுந்து, மயில் கழுத்தின் பச்சையைக் கட்டை முழுவதும் ஏற்றிவிடும். அந்த நிறப்பொருளுக்கு ஸைலிண்டீன் என்று பெயர். தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் எளிதில் வெளுக்காது. துணிச் சாயக்காரன் தவமிருந்து கேட்கும் வரங்கள் இரண்டும் அதற்கு உண்டு. ரசாயனிகள் இதை மரத்திலிருந்து பிரித்தது 1860-களில்; இதன் உள்ளமைப்பைக் கண்டு முடிக்க 1960-கள் வரை ஆயிற்று.

கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இங்கே ஒரு குறை தட்டுகிறது. ஃபெடரிகோவின் பெயர் இருக்கிறது; பெனெடெட்டோவின் பெயரும் அவமானமுங்கூட இருக்கின்றன. காட்டிலே குனிந்து, ஒரு விறகைக் காலால் புரட்டி, உடைந்த முனையில் பச்சையைக் கண்டு, 'இதை அடுப்பில் வைக்கக் கூடாது, பட்டறைக்கு எடுத்துப் போகவேண்டும்' என்று முதலில் எண்ணியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. விறகு பொறுக்க வந்த கிழவியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்கிய கட்டையில் இறுகல் எது, பொறுக்கு எது என்று விரலால் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சீவினால் உதிராத பதத்தில் எடுக்கவும் வேண்டும். வசாரி பட்டறைகளுக்குப் போனார், விறகுக்காட்டுக்குப் போகவில்லை.

இந்த அறிவு ஒரேயடியாக அழிந்துவிடவும் இல்லை. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊர், 1606-இல் கண்டெடுத்த இரும்புச் சத்து ஊற்றால் பேர் பெற்றது. தண்ணீர் குடிக்க வந்த சீமாட்டிகள் ஞாபகத்துக்கு வாங்கிப் போக, அங்கே மரப்பெட்டிகள் செய்து விற்றார்கள். 1830 வாக்கில் ஒரு புது வித்தை வந்தது. பல நிற மரக்குச்சிகளைப் படத்துக்கு ஏற்ப அடுக்கிக் கட்டாக ஒட்டுவார்கள். பிறகு குறுக்கே மெல்லிய தகடுகளாக அறுப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் அதே ரோஜா, அதே கோட்டை. இலைக்கும் புல்லுக்கும் அவர்கள் வைத்தது 'பச்சை ஓக்'; நமது காளான் ஏறிய மரமேதான். ஈரல் போலச் சிவந்த இன்னொரு காளான் ஏறிய ஓக் ஆழ்ந்த பழுப்பைத் தந்தது. சாம்பல் நிறம் வேண்டுமா? வெள்ளை மரத்தை அந்த ஊற்றுநீரிலேயே ஊறப்போட்டார்கள். சீமாட்டிகளுக்கு மருந்து, மரத்துக்குச் சாயம்! 20-ஆம் நூற்றாண்டு பிறந்த சில பத்து வருஷங்களில் அந்தத் தொழில் நசிந்துவிட்டது.

காளான்களின் இன்னொரு கைவேலையையும் சொல்லிவிடுகிறேன். சில கட்டைகளை அறுத்தால், பேனாவால் இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். ஒரே கட்டையில் இரண்டு மூன்று காளான்கள் குடியேறினால், ஒன்றையொன்று அண்டவிடாமல் எழுப்பிக்கொள்ளும் எல்லைச்சுவர்கள் அவை. பங்காளிகள் வரப்பு போடுவதைப் போல. கோட்டின் கருமைக்குக் காரணம் மெலனின். நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் பொருளின் இனம். இக்காலத்துக் கடைசல்காரர்கள் அந்தக் கோட்டுக்காகவே கட்டையைப் பூசணம் பிடிக்க விடுகிறார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றையும் காளானை வளர்த்தே எடுக்கிறார்கள். துணிக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். மின்சாரக் கருவிகளில் ஸைலிண்டீனைக் குறைகடத்தியாகப் பயன்படுத்தலாமா என்றுகூடச் சோதித்திருக்கிறார்கள்.

மறுவாரம் ஆசாரி வந்தபோது கூபியோ அறையின் படத்தை அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அலமாரிக் கதவின்மேல் விரலை வைத்து, கோடு ஓடும் திசையிலே நகர்த்தினார். எதுவும் பேசவில்லை. பச்சை எங்கிருந்து வந்தது என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"மக்குன மரத்தில ஆணி நிக்காதே, தம்பி?"

"ஆணி இல்லை, ஆசாரி. ஒட்டினதுதான்."

"எதை வெச்சு? வஜ்ஜிரமா?"

தோலையும் எலும்பையும் காய்ச்சிய பசைதான், நம் வஜ்ஜிரம் மாதிரியேதான் என்றேன்.

"வஜ்ஜிரம் ஈரத்துக்கு விட்டுருமே" என்றார் ஆசாரி. "கடல் பக்கம் எங்கேயும் கொண்டு போகலியே?"