மணலிக்கரையின் இரண்டு ஆவணங்கள்

வித்துராவிலிருந்து நெடுமங்காடு வழியாகக் காரியவட்டம் சென்று, கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகத்தில் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். திரும்பும்போது ஆய்வேட்டின் முதல் இயலைத் திருத்தியெழுத வேண்டும் என்ற முடிவோடு திரும்பினேன். அதற்கான காரணம் நாஞ்சில்நாட்டு மொழி வரலாற்றில் ஈடுபாடுள்ள மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தின் பொதுநூலக மரபு 1829இல் தொடங்குகிறது. சுவடிகளின் வரலாறு வேறு. 1905இல் அனந்தசயன சமஸ்கிருத நூல்வரிசையைத் தொடங்கிய த. கணபதி சாஸ்திரி, 1908இல் சுவடி வெளியீட்டுத் துறையின் பொறுப்பாளரானார். திருநெல்வேலிச் சீமையின் தருவை என்னும் ஊரில் பிறந்தவர் அவர். அவர் காலத்தில் தேடித் தொகுக்கப்பட்ட ஏடுகளே பிற்காலத்தில் பல்கலைக்கழகச் சுவடித் தொகுதியின் அடித்தளமாயின.

1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் அவருக்கு ஒரு சுவடிக்கட்டு கிடைத்தது. 105 ஓலைகள், எழுத்து பழைய மலையாளம், மொழி சமஸ்கிருதம், உள்ளடக்கம் நாடகங்கள். பிற சுவடிகளும் சேர்ந்து மொத்தம் 13 நாடகங்கள் 1912 முதல் அச்சேறின. நாடகங்களில் ஆசிரியர் பெயர் இல்லை. சூத்திரதாரனின் வருகையோடு தொடங்குவதையும், ‘பிரஸ்தாவனை’ என்பதற்கு மாறாக ‘ஸ்தாபனை’ என்னும் சொல் வருவதையும், பாணரின் குறிப்பையும் சான்றாக்கி, இவை பாசனுடையவை என்றார் சாஸ்திரி. கூடியாட்டத்திற்காகச் சாக்கியர்கள் திருத்தியமைத்த வடிவங்களே இவை என மறுத்தோரும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், ஓலையைக் காத்தது இவ்வட்டாரம் என்பதில் ஐயமில்லை.

நூலகத்தின் எலுமிச்சைப்புல் எண்ணெய் மணத்தினூடே சுவடிப் பட்டியலைப் புரட்டியபோது என் கண் நின்றது ஊர்ப்பெயரில். மணலிக்கரை எனக்குப் புதிய பெயரன்று. அவ்வூரில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீர ரவி கேரளவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். விளைச்சல் குன்றிய காலத்து வரித்தண்டல் பற்றிக் கோதைநல்லூர்ச் சபையாரோடும் ஊராரோடும் கூடி எடுத்த முடிவை அது பதிவுசெய்கிறது. ‘மனோன்மணீயம்’ ஆசிரியர் சுந்தரம் பிள்ளை, வேணாட்டரசர் வரலாற்றை எழுதியபோது இக்கல்வெட்டின் அருமையை எடுத்துக்காட்டினார்.

என் ஆய்வேட்டின் முதல் இயலில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் மணலிக்கரையைத் ‘தமிழ்க் கல்வெட்டுப் பகுதி’ என்ற நிறத்திற்குள் அடைத்திருந்தேன். அதே ஊர் சமஸ்கிருத நாடகத்தை மலையாள எழுத்தில் போற்றி வைத்திருந்தது. கல்லில் வரிக்கணக்குக்கு ஒரு மொழி, ஓலையில் நாடகத்துக்கு வேறொரு மொழி. இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ஓர் ஊருக்கு ஒரு மொழி என்ற என் அளவுகோல் இங்கே பொருந்தவில்லை. மொழிப் பயன்பாட்டை இடத்தால் மட்டும் பிரிக்காமல், ஆவணத்தின் தேவையாலும் அதைப் புழங்கிய குழுவாலும் பிரித்தறிய வேண்டும். வரைபடத்தை நீக்கிவிட்டு அட்டவணையாக மாற்றுகிறேன்.

1956 நவம்பர் 1இல் கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஊர் தமிழ்நாட்டிற்கு வந்தது. ஏடு திருவனந்தபுரத்திலேயே தங்கியது. இதில் குறைகூற ஏதுமில்லை. பேணிக் காத்தவர்களிடமே அது இருக்கிறது. ஆனால் எல்லைக்கு இப்பால் உள்ள நாம் கல்வெட்டை மட்டும் படிக்கிறோம். அப்பால் உள்ளவர்கள் சுவடியை மட்டும் படிக்கிறார்கள். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதே அவ்வூரின் வரலாறு துலங்குகிறது.

ஆகவே, தென் திருவிதாங்கூரை ஆய்வு செய்ய விரும்பும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். வட்டெழுத்தோடு பழைய மலையாள எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பட்டியலில் ‘தமிழ்’ என்ற தலைப்போடு நின்றுவிடாமல் ஊர்ப்பெயர்களைத் தேடிப் பாருங்கள். நமக்குரிய சான்று வேறொரு மொழியின் தலைப்பின்கீழ் காத்திருக்கலாம்.