குரலில் குடியேறிய கோமாளிகள்: தமிழில் டிமோனும் பும்பாவும்

ரோஜர் அல்லர்ஸும் ராப் மின்கோஃபும் இயக்கி 1994இல் வெளிவந்த 'தி லயன் கிங்' படத்தை ஜான் ஃபாவ்ரோ 2019இல் கணினி வரைகலையில் மறு ஆக்கம் செய்தார். அதில் அதிகம் இழந்தவர்கள் டிமோன் என்னும் கீரி, பும்பா என்னும் காட்டுப்பன்றி ஆகிய இரு கோமாளிகள். கையால் வரைந்த டிமோனுக்குப் புருவமும் தோளும் விரல்களும் மனிதருக்குப் போலப் பேசும். மறு ஆக்கமோ, விலங்கு விலங்காகவே தோன்ற வேண்டும் என்று தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்டது. நிஜக் கீரிக்கு நக்கலடிக்கும் முகம் ஏது? இந்த இழப்பைத் தமிழ் வடிவம் குரலால் ஈடுகட்டியது என்பதும், தமிழ் நகைச்சுவையின் பழைய கேள்வி மரபே அதற்குக் கைகொடுத்தது என்பதும் என் வாதம்.

கழுதைப்புலிகளைத் திசைதிருப்பும் காட்சியிலேயே மாற்றத்தின் தன்மை தெரிந்துவிடுகிறது. பழைய படத்தில் டிமோன் புல் பாவாடை கட்டிக்கொண்டு ஹவாய் ஆட்டம் ஆடுகிறான். புதியதில் உடையும் இல்லை, ஆட்டமும் இல்லை; டிஸ்னியின் வேறொரு படமான 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' பாடலின் தொடக்கத்தை எடுத்துவிடுகிறான், அவ்வளவுதான். கண்ணுக்கான வேடிக்கை காதுக்கானதாகிவிட்டது. கழுதைப்புலிகள் அணிவகுக்க வில்லன் சிங்கமான ஸ்கார் பாடும் பாட்டும் இப்படித்தான் சுருங்கிப் பெரும்பாலும் பேச்சாக முடிந்தது. படம் தன் சுமையைக் குரலின் தலையில் இறக்கிவைத்தது என்றே சொல்ல வேண்டும்.

தமிழில் அதைச் சுமந்தவர்கள் டிமோனுக்குச் சிங்கம்புலி, பும்பாவுக்கு ரோபோ சங்கர் என்னும் நகைச்சுவை நடிகர்கள். ரோபோ சங்கர் பலகுரல் மேடையிலிருந்து வந்தவர் என்பது இங்கே தற்செயலான தகவலல்ல. எதிரில் இல்லாத முகத்தைக் குரலாலேயே வரவழைப்பது அந்தக் கலையின் அடிப்படை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டும், திரைப்பட வசன ஒலிநாடாக்களைத் தேயத் தேய ஓட்டியும் பழகிய சமூகத்துக்கு, முகம் காணாமல் சிரிப்பது புதிதல்ல. அசையாத பன்றி முகத்தின் மேல் பார்வையாளர் ரோபோ சங்கரின் முகத்தைத் தாமே பொருத்திக்கொள்கிறார்.

நட்சத்திரக் குரல் வெறும் வணிக உத்திதானே என்று கேட்கலாம். வணிகம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் படத்தின் தமிழ் வடிவிலும் நட்சத்திரக் குரல் இருந்தது. அதில் நாயகச் சிங்கமான சிம்பாவுக்குப் பேசிய நடிகர் அரவிந்த்சாமியே 2019இல் ஸ்காருக்குப் பேசினார். ஓவியர் முகபாவத்தை முழுதாக வரைந்து முடித்திருந்த படத்தில் குரல் துணையாக நின்றது. மறு ஆக்கத்தில் அதுவே பாத்திரத்தின் உடலாயிற்று. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தமிழ் வடிவத்தைப் பார்க்கும் சிறுவருக்கு இந்த நடிகர்களை எப்படித் தெரியும் என்பது இன்னொரு மறுப்பு. ஆதித்யா, சிரிப்பொலி தொலைக்காட்சிகள் நாள் முழுதும் நகைச்சுவைக் காட்சிகளை ஓட்டும் வீடுகளில், அந்தக் குரல்களை அறியப் படத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலும் நகைச்சுவை நடிகர்கள்தானே பேசினார்கள் என்பது இவற்றைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், இழப்பும் ஈடுகட்டலும் அங்கும் நிகழ்ந்தன. தமிழின் வேறுபாடு அளவில் இருக்கிறது. இங்கே குரலோடு பேச்சு வழக்கும் கலாய்ப்பும் சேர்ந்து வருவதால் ஆப்பிரிக்கப் புல்வெளி கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. இதற்கு விலையும் உண்டு: 1994இன் பும்பா யாருடைய சாயலும் தேவைப்படாத தனிப்பிறவி, 2019இன் தமிழ்ப் பும்பா நடிகரிடம் கடன்பட்டவன். 2024இல் முன்கதையாக வந்த 'முஃபாசா' படத்தில் டிமோன், பும்பா இருவரின் முதன்மை வேலை, ரஃபிக்கி என்னும் குரங்கு சொல்லும் கதைக்குள் குறுக்கே புகுந்து பேசுவது. தமிழில் அந்த வேலை மீண்டும் சிங்கம்புலிக்கும் ரோபோ சங்கருக்குமே போனது.