உடற்பயிற்சிச் செயலிகளில் அந்நியரின் நட்பு அழைப்புகள்

உடற்பயிற்சிச் செயலிகளில் அந்நியரின் நட்பு அழைப்பு என்பது, நடை, ஓட்டம், மிதிவண்டிப் பயணம் முதலியவற்றைப் பதிவு செய்யும் திறன்பேசிச் செயலிகளில், முன்பின் அறியாதவர்கள் ஒரு பயனரை நண்பராகச் சேர்க்கவோ பின்தொடரவோ கேட்பதைக் குறிக்கும். பிற சமூக வலைத்தளங்களிலும் இத்தகைய அழைப்புகள் உண்டு. ஆனால் அங்கே அழைப்பை ஏற்றால் அந்நியருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பயனர் தாமே எழுதியவையும் தேர்ந்தெடுத்த படங்களும்தான். உடற்பயிற்சிச் செயலியிலோ, ஒருவர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தத் தெருவில் இருந்தார் என்ற பதிவே கிடைத்துவிடலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் ஓடுபவரின் பதிவு, நாளைக்கு அவர் எங்கே இருப்பார் என்பதையும் சொல்லிவிடும்.

இச்சிக்கலின் வரலாறு ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்ந்துள்ளது. பயனர் எந்த அமைப்பையும் மாற்றாமல் விட்டால், செயலி அவருடைய பதிவைப் பிறருக்குத் திறந்து வைக்குமா, மூடி வைக்குமா என்பதே அது.

தனியாள் கருவி

நடையை எண்ணும் கருவிகள் நெடுங்காலம் அணிந்தவருக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. ஜப்பானில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. 1965இல் யமாசா நிறுவனம் 'மன்போ-கெய்' என்ற நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெயருக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு இந்தப் பெயரிலிருந்தே பரவியது. இடுப்பில் மாட்டும் அக்கருவி எண்ணிக்கையை அணிந்தவருக்குக் காட்டியது. வேறு எவருக்கும் அனுப்பவில்லை.

2006இல் நைக்கியும் ஆப்பிளும் இணைந்து, காலணியில் வைக்கும் உணரியையும் ஐபாடையும் சேர்த்து ஒரு தொகுப்பை வெளியிட்டன. ஓட்டத்தின் தொலைவையும் வேகத்தையும் இணையத்தில் ஏற்றிப் பிறருடன் ஒப்பிட அது வழி செய்தது. 2008இல் ஆப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ஐபோன் 3ஜி, செயற்கைக்கோள் வழியே இடத்தை அறியும் ஜிபிஎஸ் வசதியுடன் இருந்தது. ரன்கீப்பர் போன்ற செயலிகள் அதைப் பயன்படுத்தி ஓடிய பாதையையே வரைபடமாகக் காட்டத் தொடங்கின. எத்தனை அடி என்ற எண்ணிக்கையாக இருந்த பதிவு, எங்கே என்ற வரைபடமாக மாறியது அப்போதுதான்.

நண்பர் பட்டியல் சேர்ந்தது

இக்காலத்தில் சமூக வலைத்தளங்களில் இரண்டு முறைகள் நிலைபெற்றிருந்தன. 2004இல் தொடங்கிய ஃபேஸ்புக்கில் ஒருவர் கேட்க, மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் நட்பு. 2006இல் தொடங்கிய ட்விட்டரில் ஒப்புதல் பெறாமலேயே ஒருவரைப் பின்தொடரலாம். உடற்பயிற்சிச் செயலிகள் இவ்விரு முறைகளையும் எடுத்துக்கொண்டன.

ஜேம்ஸ் பார்க், எரிக் ஃபிரீட்மன் ஆகியோர் 2007இல் நிறுவிய ஃபிட்பிட், ஒப்புதல் பெற்ற நண்பர்களைக் கொண்ட பட்டியலை வைத்தது. கடந்த ஏழு நாட்களில் யார் அதிகம் நடந்தார் என்ற வரிசை அதில் தெரியும். 2009இல் மார்க் கெய்னி, மைக்கேல் ஹோர்வத் ஆகியோர் தொடங்கிய ஸ்ட்ராவா, பின்தொடரும் முறையைக் கைக்கொண்டது. 'முயற்சி செய்' என்ற பொருளுள்ள சுவீடியச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. ஒரு மேட்டையோ சாலைத் துண்டையோ குறித்து, அதை யார் விரைவில் கடந்தார் என்று பட்டியலிடுவது அதன் சிறப்பு. முன்பின் அறியாதவர்களும் அதே சாலையில் போட்டியிடலாம். உடன் ஓட ஆளில்லாத பலருக்கு இது ஊக்கம் அளித்தது. அந்நியரின் கண்ணில் படுவதும் இதனாலேயே இயல்பானதாயிற்று.

அழைப்புகள் வரும் காரணங்கள்

அந்நியரின் அழைப்புகள் எல்லாம் ஒரே நோக்கம் கொண்டவை அல்ல. அவற்றை நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை போட்டி ஆர்வத்தால் வருவது. வரிசைப் பட்டியலில் ஒருவர் மட்டும் இருந்தால் சுவை இல்லை. ஆகவே பொதுக் குழுக்களில் கண்ட பெயர்களுக்கெல்லாம் சிலர் அழைப்பு அனுப்புவர். இதில் தீங்கு பெரும்பாலும் இல்லை.

இரண்டாம் வகை செயலியின் பரிந்துரையால் வருவது. திறன்பேசியில் உள்ள தொலைபேசி எண்களைப் படிக்க அனுமதி கொடுத்தால், செயலி அவ்வெண்களுக்கு உரியவர்களைத் தேடிக் காட்டும். எப்போதோ ஒருமுறை பேசிய கடைக்காரரும், வீட்டுக்கு வந்துபோன பழுது பார்ப்பவரும் இவ்வாறு 'தெரிந்தவர்' ஆகிவிடுவர்.

மூன்றாம் வகை மோசடி. ஒரு ஓட்டம்கூடப் பதிவாகாத கணக்கு, கவர்ச்சியான முகப்படம், வேறு தளத்துக்கு இட்டுச் செல்லும் இணைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

நான்காம் வகை ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்காணிக்கும் நோக்கம் கொண்டது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அஞ்ச வேண்டியது இதுவே. முன்னாள் துணைவரோ, ஒருதலையாகப் பின்தொடர்பவரோ வேறு பெயரில் அழைப்பு அனுப்பலாம். அழைப்பைப் பெறுபவரால் நான்கு வகைகளையும் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடிவதில்லை.

திறந்திருந்த கதவு: 2011

2011 சூலையில் ஃபிட்பிட் பயனர்கள் சிலரின் பாலுறவு குறித்த பதிவுகள் கூகுள் தேடலில் வெளிப்பட்டன. எரிந்த கலோரிகளைக் கணக்கிட எல்லாச் செயல்களையும் குறிக்க அந்தத் தளம் இடமளித்திருந்தது. பயனர் பக்கங்களோ, மாற்றாமல் விட்டால் பொதுவில் தெரியும்படி இருந்தன. பயனர்கள் தமக்காகக் குறித்துக்கொண்டதை உலகம் படித்தது. நிறுவனம் அப்பதிவுகளைத் தேடுபொறிகளிலிருந்து மறைத்து, அமைப்பையும் மாற்றியது. தவறு நேர்ந்த பின் கதவை மூடும் இம்முறை பின்னரும் பலமுறை தொடர்ந்தது.

வரைபடம் காட்டிக்கொடுத்தது: 2018

2017 நவம்பரில் ஸ்ட்ராவா, நூறு கோடி உடற்பயிற்சிப் பதிவுகளைக் கொண்டு உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பலர் ஓடிய பாதைகள் அதில் ஒளிர்ந்தன. எவர் பெயரும் இல்லை. 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் நேத்தன் ரூசர், ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பாலைப் பகுதிகளில் ஒளிரும் கோடுகள் இராணுவ முகாம்களின் அமைப்பைக் காட்டுவதைச் சுட்டினார். முகாமைச் சுற்றி ஓடிய வீரர்களே அக்கோடுகளை வரைந்திருந்தனர். அதே ஆண்டு ஆகத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப் பகுதிகளில் இடங்காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

2018 சூலையில் நெதர்லாந்தின் 'டி கரஸ்பாண்டன்ட்' இதழும் 'பெல்லிங்கேட்' புலனாய்வுக் குழுவும் போலார் நிறுவனத்தின் செயலியை ஆராய்ந்தன. ஒரு முகாமருகே ஓடியவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய மற்ற ஓட்டங்களைப் பார்த்தால், அவை அவர் வீட்டு வாசலில் தொடங்குவது தெரிந்தது. இவ்வாறு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர். போலார் அந்த உலக வரைபட வசதியை நிறுத்தி வைத்தது. இங்கே எவரும் எவருக்கும் நட்பு அழைப்பு அனுப்பவே தேவைப்படவில்லை.

வட்டத்தின் மையம்

வீட்டை மறைக்க விரும்பியவர்களுக்குச் செயலிகள் ஓர் ஏற்பாடு தந்திருந்தன. வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் குறித்தால், அதற்குள் அமையும் பாதை பிறருக்குத் தெரியாது. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் குறையை எடுத்துக்காட்டினர். ஒருவர் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு திசைகளில் ஓடினால், தெரியும் பாதைகள் தொடங்கும் புள்ளிகள் எல்லாம் அந்த வட்டத்தின் பரிதியில் அமையும். ஒரு கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் கிடைத்தால் வட்டத்தின் மையத்தைக் காணலாம் என்பது பள்ளிக் கணக்கு. மறைத்த வீடு அந்த மையத்தில் இருந்தது. பாதையின் முனைகளை மட்டும் வெட்டி மறைப்பது போதாது என்பது இதனால் தெளிவாயிற்று.

கேட்காமலே அறிமுகம்: 2020

ஸ்ட்ராவாவில் 'ஃபிளைபை' என்ற வசதி, ஒரே நேரத்தில் ஒரே வழியில் சென்றவர்களை ஒருவருக்கொருவர் காட்டியது. எதிரில் வந்த ஓட்டக்காரர் யார் என்று அறியும் ஆவலுக்கு அது விடை தந்தது. 2020இல் பிரிட்டனில் ஒருவர், ஓட்டத்தின்போது தாம் கடந்து சென்ற ஒரு பெண்ணின் பெயரும் படமும் தம் திறன்பேசியில் தாமே தோன்றியதைக் கண்டு, அதைப் பொதுவில் எடுத்துரைத்தார். அப்பெண்ணை அவர் முன்பு அறிந்ததில்லை. தனியே ஓடும் பெண்களுக்கு இது என்ன பொருள் தரும் என்ற கேள்வி பரவலாக எழுந்தது. அதன் பின் ஸ்ட்ராவா அவ்வசதியை எல்லாருக்கும் அணைத்து, வேண்டுவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி மாற்றியது.

அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதைப் பின்வந்த நிகழ்வுகள் காட்டின. 2022 மே மாதம் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் மிதிவண்டிப் பந்தய வீராங்கனை மோரியா வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி அவருடைய ஸ்ட்ராவா பதிவுகளைக் கண்காணித்தார் என்று வழக்கில் அரசுத் தரப்பு கூறியது. 2023 நவம்பரில் குற்றவாளிக்கு 90 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2022 சூனில் இஸ்ரேலின் 'ஃபேக் ரிப்போர்ட்டர்' அமைப்பு வேறொரு வழியை வெளிப்படுத்தியது. அடையாளம் தெரியாத ஒருவர் இராணுவ முகாம்களுக்குள் ஓடியதுபோல் போலிப் பதிவுகளை ஏற்றிச் சாலைத் துண்டுகளை உருவாக்கியிருந்தார். அங்கே உண்மையில் ஓடியவர்களின் பெயர்கள் பட்டியலில் தாமாகச் சேர்ந்தன. 2024 அக்டோபரில் பிரான்சின் 'லே மோந்த்' நாளிதழ், நாட்டுத் தலைவர்களின் மெய்க்காவலர்களின் ஓட்டப் பதிவுகளைக் கொண்டு தலைவர்கள் தங்கும் இடங்களை அறிய முடிந்ததைக் காட்டியது.

சட்டமும் இன்றைய நிலையும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆம் பிரிவு, ஒருவர் தாமே முன்வந்து மாற்றாதவரை அவருடைய தரவு எண்ணற்ற பிறருக்குத் தெரியும்படி இருக்கக் கூடாது என்கிறது. கதவை மூடி வைக்க வேண்டிய பொறுப்பு பயனருடையது அன்று, செயலியை அமைப்பவருடையது என்பதே இதன் சாரம்.

ஃபிட்பிட்டை வாங்கும் பணியை கூகுள் 2021 சனவரியில் நிறைவு செய்தது. 2023 மார்ச்சில் அதன் போட்டிகளும் திறந்த குழுக்களும் நிறுத்தப்பட்டன. ஸ்ட்ராவா எதிர்த் திசையில் நடந்து, 2023 டிசம்பரில் பயனர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பும் வசதியைச் சேர்த்தது. அந்நியர் அணுகும் வழிகள் ஓரிடத்தில் குறைய, இன்னோரிடத்தில் கூடுகின்றன.

பயனர் தம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. பின்தொடர்வோருக்கு ஒப்புதல் கட்டாயம் என்று அமைக்கலாம். பாதை வரைபடத்தை முழுதும் மறைக்கலாம். தொலைபேசி எண்களைப் படிக்கும் அனுமதியை நீக்கலாம். வீடு திரும்பிய பிறகே பதிவை வெளியிடலாம். அறியாதவரின் அழைப்பை ஏற்காமல் விடுவதோ தடுப்பதோ மரியாதைக் குறைவு ஆகாது. முன்பே ஏற்றுவிட்ட பெயர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்ப்பது நல்லது. அழைப்பைப் புதிதாக மறுப்பவர்கள் பலர், பழைய பட்டியலில் அந்நியர் இருப்பதை மறந்துவிடுகின்றனர்.

1965இன் நடைமானியை அணிந்தவர் இவற்றில் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எண்ணிக்கை அவருடையதாகவே இருந்தது. அதன் பின் வந்த செயலிகள் உடன் ஓடுவோரின் ஊக்கத்தைத் தந்தன; அதற்கு ஈடாக இருப்பிடத்தைப் பெற்றுக்கொண்டன. 2011, 2018, 2020 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் எல்லாம் யாரோ ஒருவர் வெளிப்பட்ட பிறகே நிகழ்ந்தன. அந்நியரின் அழைப்பு திறன்பேசியில் தோன்றும்போது, அது கேட்பது நட்பை மட்டும் அன்று என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது.