கோலூன்றிப் பாய்தலின் தொடக்கநிலைப் பயிற்சி

கோலூன்றிப் பாய்தல் என்பது நீண்ட கோலொன்றை ஏந்தி ஓடி, அதன் முனையைத் தரையில் பதிக்கப்பட்ட பெட்டியில் ஊன்றி, உயரத்தில் வைக்கப்பட்டுள்ள குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் தடகள விளையாட்டு ஆகும். இது கோலூன்றித் தாண்டுதல் எனவும் வழங்கப்படுகிறது. புதிதாகக் கற்போரின் முதற்கட்டப் பயிற்சியில் குறுக்குச் சட்டம் வைக்கப்படுவதில்லை. கோலைச் செங்குத்து நிலைக்குக் கொண்டுசென்று, மெத்தையின் நடுப்பகுதியில் முதுகுப்புறமாக விழக் கற்பதே அக்கட்டத்தின் நோக்கமாகும். உயரம் பற்றிய எண்ணம் அதற்குப் பின்னரே வருகிறது.

வரலாற்றுப் பின்னணி

கோலின் துணையால் நீர்நிலைகளைக் கடப்பது பழமையான வழக்கம். நெதர்லாந்தின் பிரீசுலாந்துப் பகுதியில் கால்வாய்களைக் கோலூன்றித் தாண்டுவது இன்றும் தனியொரு விளையாட்டாக உள்ளது. அங்கு அளக்கப்படுவது தூரம். தடகளத்தில் அளக்கப்படுவது உயரம். 1896 ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற முதலாவது தற்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கான போட்டி இடம்பெற்றது. அதில் வென்ற அமெரிக்கர் வில்லியம் ஹோய்ட் தாண்டிய உயரம் 3.30 மீட்டர். பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டி 2000 ஆம் ஆண்டு சிட்னியில்தான் தொடங்கியது.

தொடக்கத்தில் மரக் கோல்களும், பின்னர் மூங்கிற் கோல்களும், அதன்பின் உலோகக் கோல்களும் பயன்பட்டன. அமெரிக்கரான கொர்னேலியசு வார்மர்டாம் 1940 இல் மூங்கிற் கோலைக் கொண்டு 15 அடி (4.57 மீட்டர்) உயரத்தை முதன்முதலாகத் தாண்டினார். அக்காலத்தில் வீரர்கள் மணலிலோ மரத்தூளிலோ விழ வேண்டியிருந்ததால், கால்கள் முதலில் தரையைத் தொடுமாறு இறங்கினர். 1960களில் வளையும் தன்மையுள்ள கண்ணாடியிழைக் கோல்களும் நுரை மெத்தைகளும் பரவியபின் இந்நிலை மாறியது. உக்ரைனைச் சேர்ந்த செர்கே புப்கா 1985 இல் பாரிசில் 6 மீட்டரைத் தாண்டிய முதல் வீரரானார். சுவீடனின் அர்மாண்ட் டுப்லாண்டிஸ் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டினார். பெண்களுள் உருசியாவின் யெலெனா இசின்பாயெவா 2009 இல் சூரிக்கில் 5.06 மீட்டர் தாண்டினார். 2022 இல் குசராத்தில் நடைபெற்ற இந்தியத் தேசிய விளையாட்டுப் போட்டிகளில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ரோசி மீனா பால்ராஜ் 4.20 மீட்டரும் சிவா சுப்பிரமணியம் 5.31 மீட்டரும் தாண்டிப் புதிய தேசியச் சாதனைகளை ஏற்படுத்தினர்.

இயற்பியல் அடிப்படை

வீரரைக் கோல் தூக்கி எறிவதாகப் பார்வையாளர் பலர் கருதுவர். உண்மையில் கோலுக்கெனத் தனி ஆற்றல் எதுவும் இல்லை. ஓட்டத்தால் பெற்ற இயக்க ஆற்றலையே அது உயரமாக மாற்றித் தருகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் மாணவரின் இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறினால், அவரது உடலின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரும். நொடிக்கு 9.5 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு இது 4.6 மீட்டர் ஆகும். நிற்கும் நிலையிலேயே ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைகளால் உந்துவதும் உடலைச் சுழற்றுவதும் இதற்கு மேல் ஓரளவே கூட்டுகின்றன.

பாய்ச்சலின்போது இரண்டு ஊசல்கள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. கோல் தன் கீழ்முனையை மையமாகக் கொண்டு செங்குத்தை நோக்கி எழுகிறது. உடல் மேற்கையை மையமாகக் கொண்டு ஊசலாடுகிறது. கோலில் கைப்பிடி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்குக் கோலைச் செங்குத்தாக்குவது கடினமாகும். வேகம் போதாத ஒருவர் மிக உயரத்தில் பிடித்தால், கோல் பாதிவழியில் நின்று அவரை ஓடுபாதையின் பக்கமே திருப்பி விழச்செய்யும். தொடக்கநிலையில் உயரப் பிடிக்க விரும்பும் மாணவரைப் பயிற்றுநர்கள் தடுப்பது இதனாலேயே. கோல் ஒவ்வொரு முறையும் தடையின்றிச் செங்குத்தைக் கடந்து மெத்தையின் நடுவில் கொண்டுசேர்த்தால் மட்டுமே பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

கோலைத் தெரிவு செய்தல்

கண்ணாடியிழைக் கோல்களில் அவற்றின் நீளமும், அவற்றைப் பயன்படுத்தத்தக்க உடல் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்வெடை, கோலின் உச்சிக்கு அருகில் பிடிப்பதைக் கருத்திற்கொண்டு வரையறுக்கப்பட்டதாகும். கோலை இரு முனைகளிலும் தாங்கி, நடுவில் ஏறத்தாழ 22.7 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்பதே அதன் வளைவெண். இவ்வெண் கூடினால் கோல் மென்மையானது என்று பொருள். குறிக்கப்பட்ட எடையைவிடக் கூடுதலான எடையுள்ள ஒருவர் ஊன்றினால் கோல் அளவுக்கு மீறி வளையலாம், உடையவும் கூடும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் இவ்வாறு பயன்படுத்துவது விதியால் தடைசெய்யப்பட்டுள்ளது. உலகத் தடகள அமைப்பின் விதிகளில் அத்தகைய தடை இல்லை.

கோலை ஆணிக் காலணியால் மிதித்தலும் கூர்மையான பொருள்மீது போடுதலும் ஆகாது. சிறு கீறலும் பின்னர் உடைப்பு தொடங்கும் இடமாகிவிடும்.

பிடியும் ஏந்தலும்

வலக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கையை மேலும் இடக்கையை கீழுமாகப் பிடித்து, இடக்காலால் எழும்புவார். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு இவை அனைத்தும் மாறும். இரு கைகளுக்கும் இடையே தோள் அகலமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ இடைவெளி இருக்கும். முதற் பயிற்சிக்கான பிடியை அறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. கோலைச் செங்குத்தாக நிறுத்தி, வலக்கையை இயன்ற மட்டும் நீட்டித் தொட்டு, அவ்விடத்திற்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளலாம்.

ஓடத் தொடங்கும்போது கோலின் முனை உயரத்தில் இருக்கும்; வலக்கை இடுப்பருகிலும் இடக்கை மார்பின் முன்னும் அமையும். பெட்டியை நெருங்க நெருங்க முனை படிப்படியாகத் தாழ்த்தப்படும். தொடக்கத்திலேயே முனையைத் தாழ்த்திவிட்டால், கோலின் பாரம் உடலை முன்னோக்கி இழுத்து ஓட்டத்தைக் குலைத்துவிடும்.

பயிற்சியின் படிநிலைகள்

முதலில் நடந்தபடியே கோலை ஊன்றும் பயிற்சி அளிக்கப்படுகிறது. அடுத்து நீளம் தாண்டுதலுக்கான மணற்குழியில், தாழ்வான பிடியுடன் சில காலடிகள் ஓடி, கோலை மணலில் ஊன்றித் தொங்கியபடி முன்னே சென்று இறங்குவர். வலக்கைப் பழக்கமுள்ளவர் கோலின் வலப்புறமாகவே கடந்துசெல்ல வேண்டும். இடப்புறமாகச் செல்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை. இப்பயிற்சியில் கோல் வளைவதில்லை. மூங்கிற் காலத்து நுட்பம் இன்றும் முதற்பாடமாக நிலைத்திருப்பது வியப்புக்குரியதன்று. வளையாக் கோலில் பிழை உடனே வெளிப்பட்டுவிடுகிறது.

இதன்பின் மெத்தையில் நான்கு அல்லது ஆறு காலடி ஓட்டத்துடன் பயிற்சி தொடங்கும். முன்னேற்றத்தைப் பொறுத்து எட்டு, பத்து என ஓட்டம் நீட்டிக்கப்படும். முன்னணி வீரர்கள் 16 முதல் 20 காலடிகள் வரை ஓடுவதுண்டு. காலடிகளின் எண்ணிக்கை மாறாமல் இருப்பது முதன்மையானது. எண்ணிக்கை தவறினால் எழும்பும் இடமும் தவறும்.

ஊன்றுதலும் மேலெழுதலும்

கற்பதற்கு மிகக் கடினமான பகுதி இதுவே. கடைசி மூன்று காலடிகளில் வலக்கை இடுப்பிலிருந்து காதருகே உயர்ந்து, எழும்பும் கால் தரையைத் தொடும் முன்னரே தலைக்கு மேல் முழுவதும் நீட்டப்பட்டிருக்க வேண்டும். அந்நேரத்தில் எழும்பும் கால் மேற்கைக்கு நேர் கீழே அமைய வேண்டும். கால் கைக்கு முன்னால் பெட்டியை நெருங்கிவிட்டால் கோல் உடலைப் பின்னோக்கி இழுக்கும். தோளும் கீழ்முதுகும் கடும் அழுத்தத்துக்கு உள்ளாகும். புதியவர்களின் பிழைகளிற் பெரும்பாலானவை கையைப் பிந்தி உயர்த்துவதிலேயே தொடங்குகின்றன.

எழும்பும்போது வலமுழங்கால் முன்னோக்கி உயர, இடக்கால் நீண்டபடி பின்தங்கி, பின்னர் ஊசல்போல் முன்னே வீசப்படும். வளையும் கோலைப் பெற்றவுடன் இடக்கையால் தள்ளி அதனை வளைக்க முயல்வது பரவலான பழக்கம். ஆனால் விறைத்த இடக்கை உடலின் ஊசலாட்டத்தைத் தடுத்துவிடுகிறது. கோலை வளைப்பது வேகமும் உயர்ந்த கைகளும் சரியான எழும்புதலுமே. புப்காவின் பயிற்றுநர் வித்தாலி பெத்ரோவ், கோலின் முனை பெட்டியின் பின்சுவரை மோதுவதற்குச் சற்று முன்னரே வீரர் தரையை விட்டு எழ வேண்டும் என்ற முறையை வலியுறுத்தினார். இது அறிந்துகொள்ளத்தக்க இலக்கு, முதலாண்டில் எட்டத்தக்கதன்று.

உடலைத் தலைகீழாக்குதல், கோலோடு நீட்டுதல், திரும்புதல், கோலை விடுதல் ஆகியவை அடுத்தடுத்த கட்டங்கள். இவற்றை வளையத்திலோ தொங்குகயிற்றிலோ தனியாகப் பயிலலாம்.

விழுதலும் பாதுகாப்பும்

கால்களைக் கீழே நீட்டி மெத்தையில் இறங்கினால் கணுக்காலோ முழங்காலோ புரளக்கூடும். ஆதலால் முதுகு பரவலாகப் படியுமாறு விழப் பழக்கப்படுகிறது. கடுமையான காயங்கள் பெரும்பாலும் மெத்தையின் ஓரத்தில் விழுந்து தலை வெளியே மோதுவதாலும், பெட்டியின் பகுதியில் விழுவதாலும், மெத்தைக்கு முற்றிலும் வெளியே விழுவதாலும் நேர்கின்றன. பெரிய போட்டிகளில் மெத்தை, முன்பகுதிகள் நீங்கலாக, குறைந்தது 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். முறையான மெத்தையும் பயிற்றுநரும் இல்லாத இடத்தில் மணற்குழிப் பயிற்சிக்கு அப்பால் செல்வது உகந்ததன்று.

கோல் செங்குத்தை எட்டாமல் பின்வாங்கும்போது அச்சத்தால் கைகளை விட்டுவிடுவது ஆபத்தானது. கோலை இறுகப் பற்றியிருந்தால் அது வீழ்ச்சியைத் தணிக்கும். முழங்காலை மடக்கி ஓடுபாதையில் கால்களால் இறங்கலாம். எழும்பிய இடம் தவறெனத் தோன்றினால் ஊன்றாமலே ஓடிக் கடந்துவிடுதல் நன்று. பயிற்சியின்போது அவ்வாறு செய்வது தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

குறுக்குச் சட்டத்தைப் பயிற்சிக்கு வைக்கும் காலத்தில் அதன் இடமும் கவனிக்கப்பட வேண்டும். பெட்டியின் பின்சுவர்க் கோட்டிலிருந்து மெத்தையின் பக்கம் 80 சென்டிமீட்டர் வரை சட்டத்தைத் தள்ளிவைக்க விதிகள் இடமளிக்கின்றன. புதியவருக்குச் சட்டம் இயன்றவரை உள்ளே இருப்பதே நலம். அருகில் வைத்தால் அவர் மேலே மட்டும் எழ முயன்று பெட்டிக்கு மேலாகவே விழ நேரிடும்.

சில போட்டி விதிகள்

ஓடுபாதை குறைந்தது 40 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் கொண்டது. பெட்டி 20 சென்டிமீட்டர் ஆழமானது. தொடர்ந்து மூன்று முறை தவறுபவர் போட்டியிலிருந்து நீங்குவார். தரையை விட்டு எழுந்தபின் கீழ்க்கையை மேற்கைக்கு மேலே வைத்தலும், மேற்கையைக் கோலில் இன்னும் உயர்த்துதலும், சரியும் சட்டத்தைக் கையால் நிலைநிறுத்துதலும் தவறுகளாகும். முயற்சியின்போது கோல் உடைந்தால் அது தவறாகக் கொள்ளப்படாது. வீரருக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு வழங்கப்படும்.