டிரோன்ஹைம்: யாத்திரை நகரின் வரலாறு

டிரோன்ஹைம் நார்வேயின் நடுப்பகுதியில், நீத் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள நகரம். இடைக்காலத்தில் நிதாரோஸ் எனப்பட்டது. 997-இல் ஓலாவ் திரிக்வசன் என்ற அரசர் இதை நிறுவினார் என்பது மரபு. குடியிருப்பு அதற்கும் முந்தியது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. நிறுவியவர் யாராயினும், நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு கல்லறையே. 1030-இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மாண்ட அரசர் ஓலாவ் ஹரால்ட்சன் மறு ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது அற்புதங்களை நாடித் தொலைநாட்டினர் திரள்வதை, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய பிரேமன் ஆதாம் குறித்துள்ளார்.

சான்றுகள் செழிப்பாகக் கிடைப்பது அடுத்து வந்த காலத்துக்குத்தான். அரசர் ஓலாவ் கிர்ரே கல்லறைமேல் கற்கோயில் எழுப்பினார். 1152-53-இல் நிதாரோஸ் பேராயர் பீடமாயிற்று. அதை நிறுவ வந்த கர்தினால் நிக்கலஸ் பிரேக்ஸ்பியர் பின்னர் நான்காம் அட்ரியன் என்ற பெயரில் திருத்தந்தையானார். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, மான் தீவுவரை அப்பீடத்தின் ஆட்சி எட்டியது. பேராயர் ஐஸ்டைன் 1180 முதல் 1183 வரை இங்கிலாந்தில் நாடு கடந்து வாழ்ந்தார். கோயிலின் கிழக்குக் கோடியிலுள்ள எண்கோண மண்டபத்தை அவர் திரும்பி வந்து தொடங்கினாரா, பின்வந்தவர்கள் கட்டினார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதன் நோக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லை. நடுவே பீடமும் புனிதரின் வெள்ளிப் பேழையும், சுற்றிலும் நம் கோயில் பிராகாரம்போல் ஒரு நடைபாதை: கூட்டம் ஒரு வழியே நுழைந்து, வலம் வந்து, மறு வழியே வெளியேறும் ஏற்பாடு. மெத்தென்று செதுக்க வரும் மாக்கல்லில் இலையும் முகமுமாக இழைத்த வேலைப்பாட்டை அருகில் நின்று பார்க்க வேண்டும். சுவரை ஒட்டிய கிணறு ஓலாவின் கல்லறையருகே ஊறிய ஊற்று என்பது ஐதீகம். மேற்கு முகப்பு 1248-இல் தொடங்கப்பட்டது.

1328, 1432, 1531 ஆண்டுகளின் தீவிபத்துகள் கோயிலைச் சிதைத்தன. 1537-இல் சமயச் சீர்திருத்தம் வந்தது. கடைசிப் பேராயர் ஓலாவ் எங்கில்பிரெக்ட்சன் தப்பியோட, பேழை கோப்பன்ஹேகன் சென்று உருக்கப்பட்டது. உடலைப் புதைத்த இடம் 1568-இல் மண்ணால் மூடப்பட்டது. அது எங்கே என்பது இன்றும் விவாதப் பொருளே. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் தீயையும் பழுதையும் தவிரச் சொல்ல அதிகமில்லை.

இன்று காண்பதில் பெரும்பகுதி 1869-இல் தொடங்கிய புதுப்பிப்பின் விளைவு. ஆகவே இதை இடைக்காலச் சின்னம் என்பது தகாது என்பர். மேற்கு முகப்பைப் பொறுத்தவரை இது சரியே. எஞ்சிய பழஞ்சிலைகள் சொற்பம். 1661-ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் அடிப்பகுதியையே காட்டுகிறது. மற்றவை இருபதாம் நூற்றாண்டுச் சிற்பிகளின் கற்பனை. வடமேற்குக் கோபுர உச்சியிலுள்ள மிக்கேல் தேவதூதருக்குச் சிற்பி கிறிஸ்டோஃபர் லெய்ர்டால் பாடகர் பாப் டிலனின் முகத்தை வைத்தார். ஆனால் எண்கோணத்தின் அமைப்பு பழையது. யாத்திரை நின்றுபோன நூற்றாண்டுகளிலும் அந்தச் சுற்றுப்பாதை அழியவில்லை. வருவோரின் நடையை வைத்தே வகுத்த கட்டடத்தை, முகப்புக் கற்களின் வயதைக் கொண்டு மட்டும் எடைபோடுவது குறைவான மதிப்பீடு.

ஆஸ்லோவிலிருந்து குட்பிரான்ஸ்டால் வழியே சுமார் 640 கிலோமீட்டர் நீளும் யாத்திரைப் பாதை 1997-இல் திறக்கப்பட்டது. 2010-இல் ஓலாவ் பாதைகள் ஐரோப்பியப் பண்பாட்டு வழித்தடமாக ஏற்கப்பட்டன.